எச்சரிக்கை போய்ச் சேராத நாட்கள்

அமெரிக்காவின் நடுப்பகுதியில் வடக்கையும் தெற்கையும் பிரித்து நிற்கும் மலைத்தொடர் எதுவும் இல்லை. மேற்கே ராக்கி மலைகள், கிழக்கே அப்பலாச்சியன் மலைகள். இரண்டுமே வடக்குத் தெற்காகத்தான் நீள்கின்றன. இமயமலை மத்திய ஆசியாவின் குளிர்காற்றை மறிப்பதுபோல அங்கே மறிக்க எதுவுமில்லை. கனடாவிலிருந்து இறங்கும் குளிர்காற்றும், மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறிவரும் ஈரமான வெப்பக்காற்றும், ராக்கியைத் தாண்டி வரும் வறண்ட காற்றும் ஒரே சமவெளியில் சந்திக்கின்றன. டொர்னேடோ எனப்படும் சுழற்காற்று அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 1,200 முறை தரையைத் தொடுகிறது. வேறெந்த நாட்டிலும் இந்த எண்ணிக்கை இல்லை. கடலோர மாநிலங்களுக்கு ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். குளிர்காலத்தில் பனிப்புயல், கோடையில் வெப்ப அலை.

இந்த நாட்டின் பெரிய வானிலைப் பேரிடர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தால், அந்த எண்ணிக்கையைக் காற்றின் வேகம் மட்டுமே முடிவுசெய்யவில்லை என்பது தெரிகிறது. ஆபத்து வருகிற செய்தி மக்களிடம் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்ததை அவர்கள் நம்பினார்களா, நம்பியவர்களுக்குப் போக ஓர் இடம் இருந்ததா என்ற மூன்று கேள்விகள் ஒவ்வொரு பேரிடரிலும் திரும்பத் திரும்ப எழுகின்றன.

புயலைவிட வேகமாகச் செய்தி ஓட முடியும் என்ற நிலை தந்தியால்தான் வந்தது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜோசப் ஹென்றி, 1840களின் இறுதியில் பல ஊர்களின் வானிலை விவரங்களைத் தந்தி மூலம் திரட்டத் தொடங்கினார். 1870இல் அரசே அந்தப் பணியை ஏற்று, ராணுவத்தின் சிக்னல் படையிடம் ஒப்படைத்தது. ஆனால் தந்திக் கம்பி ரயில் நிலையம் வரைதான் போனது. அதற்கு அப்பால் இருந்த பண்ணை வீடுகளுக்குச் செய்தி கொண்டுபோக வழியில்லை.

அதன் விலை 1888 ஜனவரி 12 அன்று தெரிந்தது. டகோட்டா, நெப்ராஸ்கா, மினசோட்டா பகுதிகளில் அன்று காலை, அந்தப் பருவத்துக்குச் சற்றும் பொருந்தாத இதமான வெயில். பல நாள் கடுங்குளிருக்குப் பிறகு வந்த வெதுவெதுப்பை நம்பி, பிள்ளைகள் கனத்த மேலங்கி இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். பிற்பகலில், பல இடங்களில் பள்ளி விடும் நேரத்தில், வடமேற்கிலிருந்து பனிப்புயல் வந்து விழுந்தது. மாவுபோல் நுண்ணிய பனித்தூள் காற்றோடு சேர்ந்து பறந்ததில் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டு வாசலிலிருந்து சில அடி தூரத்தில் வழி தவறி உறைந்து இறந்தவர்கள் உண்டு. மொத்தம் 235 பேர் இறந்ததாகக் கணக்கு. அவர்களில் நிறையப் பேர் பள்ளிப் பிள்ளைகள். குளிரலை வருகிறது என்ற அறிவிப்பை மினசோட்டாவின் செயின்ட் பால் நகரிலிருந்த சிக்னல் படை அலுவலகம் அனுப்பியிருந்தது. அறிவிப்பைக் காட்டும் கொடி ஏறிய இடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் பல மைல் புல்வெளி கிடந்தது.

அதே ஆண்டு மார்ச்சில் இன்னொரு பனிப்புயல் கிழக்குக் கடற்கரையைத் தாக்கி 400 பேரைக் கொன்றது. நியூயார்க் நகரில் மேம்பாலத் தண்டவாளங்களில் ரயில்கள் நடுவழியில் நின்றன. தந்திக் கம்பிகளும் மின்கம்பிகளும் அறுந்து தெருவில் விழுந்தன. கம்பிகளைத் தரைக்கடியில் புதைக்கும் வேலை அதன்பின் வேகம் பிடித்தது. நிலத்தடி ரயில் வேண்டும் என்ற கோரிக்கைக்கும் அந்தப் புயலே வலுச் சேர்த்தது.

அமெரிக்க வரலாற்றில் மிக அதிக உயிர்களைக் கொண்டுபோன வானிலைப் பேரிடர் இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. டெக்சாஸ் கடற்கரையை ஒட்டிய ஒடுங்கிய மணல் தீவில் கால்வெஸ்டன் நகரம் இருந்தது. பருத்தி ஏற்றுமதியால் செழித்த துறைமுகம். மக்கள்தொகை சுமார் 38,000. தீவின் மிக உயரமான இடமே கடல் மட்டத்துக்கு மேல் 3 மீட்டரை எட்டவில்லை. கடலோரத்தில் தடுப்புச்சுவர் கட்டவேண்டும் என்ற பேச்சு பலமுறை எழுந்து அடங்கியது. நகரின் வானிலை அதிகாரி ஐசக் கிளைன் 1891இல் உள்ளூர்ச் செய்தித்தாளில் எழுதிய கட்டுரையில், பெரும் புயல் கால்வெஸ்டனை அழிக்கும் என்ற அச்சம் ஆதாரமற்றது என்று வாதிட்டார். துறை சார்ந்தவர் ஒருவரே அப்படி எழுதியபின் சுவருக்குப் பணம் ஒதுக்கச் சொல்லும் குரல் எடுபடவில்லை.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி கியூபாவில் நடந்தது. ஹவானா நகரின் பெலன் கல்லூரியில் ஏசு சபைத் துறவிகள் நடத்திய வானிலை ஆய்வகம் புயல் கணிப்பில் உலகப் பெயர் பெற்றிருந்தது. பெனிட்டோ வீன்யெஸ் என்ற துறவி 1870 தொடங்கி மேகங்களின் ஓட்டத்தை உற்றுநோக்கியே புயலின் நடுப்பகுதி எங்கே இருக்கிறது, எங்கே போகும் என்று சொல்லும் முறையை அங்கே வளர்த்திருந்தார். 1898 போருக்குப் பின் கியூபா அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்தது. தந்தியும் அதன் கட்டுப்பாட்டில். கியூபாக்காரர்கள் தேவையில்லாமல் பீதியைக் கிளப்புகிறார்கள் என்று கருதிய அமெரிக்க வானிலைத் துறையின் தலைவர் வில்லிஸ் மூர், அவர்களுடைய புயல் செய்திகள் தந்தியில் போவதற்குத் தடை பெற்றார். 1900 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு புயல் கியூபாவைக் கடந்தது. அது வழக்கம்போல வடகிழக்கே திரும்பி புளோரிடா வழியாக அட்லாண்டிக் பக்கம் போகும் என்று வாஷிங்டன் கணித்தது. அது மெக்சிகோ வளைகுடாவுக்குள் நுழைந்து டெக்சாஸ் நோக்கிச் செல்லும் என்று பெலன் ஆய்வகம் கணித்தது. பெலன் சொன்னதே நடந்தது.

செப்டம்பர் 8, சனிக்கிழமை. காலையில் கடலலைகள் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்து தாழ்வான தெருக்களில் ஏறின. பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் விளையாடினார்கள். மதியத்துக்குப் பிறகு நிலப்பகுதிக்குச் செல்லும் பாலங்கள் மூழ்கின; தீவைவிட்டு வெளியேற வழி அடைபட்டது. மாலையில் கடல் 4.5 மீட்டருக்கும் மேல் உயர்ந்து தீவு முழுவதையும் மூடியது. கரையோர வீடுகள் முதலில் இடிந்தன. அவற்றின் மரச்சிதைவுகளை அலைகள் அடுத்த வரிசை வீடுகள்மீது மோதித் தள்ளி, அவற்றையும் இடித்து, நகரத்துக்குள் நகர்ந்தன. செயின்ட் மேரி அநாதை இல்லத்தில் கன்னியர்கள் துணி உலர்த்தும் கயிற்றால் பிள்ளைகளைத் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டார்கள். 10 கன்னியரும் 90 பிள்ளைகளும் இறந்தார்கள். மூன்று சிறுவர்கள் மட்டுமே பிழைத்தார்கள். கிளைனின் வீடும் இடிந்தது. கருவுற்றிருந்த அவருடைய மனைவி இறந்துபோனார்.

இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒரே எண்ணிக்கை இல்லை. 6,000 முதல் 12,000 வரை சொல்லப்படுகிறது. பெரும்பாலும் எடுத்தாளப்படுவது 8,000. நகரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். உடல்களைப் புதைக்க ஆளும் இடமும் போதாமல், படகில் ஏற்றிக் கடலில் இறக்கினார்கள். அலை அவற்றைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்தது. பிறகு ஆங்காங்கே சிதை மூட்டி எரித்தார்கள்.

பேரழிவுக்குப் பின் கால்வெஸ்டன் செய்த காரியம் அசாதாரணமானது. 1902இல் தொடங்கி 1904க்குள் 5 மீட்டருக்கும் சற்று உயரமான கடல்சுவரை சுமார் 5 கிலோமீட்டருக்குக் கட்டினார்கள். பின்னாளில் அது 16 கிலோமீட்டருக்கு நீண்டது. அதோடு நிற்காமல், நகரத்தின் தரையையே உயர்த்தினார்கள். 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தி, தூர்வாரும் கப்பல்கள் கொண்டுவந்த மணற்சேற்றை அவற்றின் அடியில் நிரப்பினார்கள். 3,000 டன் எடையுள்ள செயின்ட் பாட்ரிக் தேவாலயமும் அப்படித்தான் மேலே ஏற்றப்பட்டது. பல ஆண்டுகள் மக்கள் உயரமான மரப் பலகைப் பாதைகளில் நடந்தே வீட்டுக்கும் கடைக்கும் போய்வந்தார்கள். 1915இல் அதே அளவு வலிமையுள்ள புயல் வந்தபோது நகருக்குள் உயிரிழப்பு முன்னதன் மிகச் சிறிய பங்காகவே இருந்தது.

கடல் புயலாவது நாள்கணக்கில் தவழ்ந்து வருகிறது. டொர்னேடோவுக்கு நிமிடக் கணக்கு. 1925 மார்ச் 18 அன்று மிசூரி, இல்லினாய், இண்டியானா மாநிலங்களைக் குறுக்கே வெட்டிச் சென்ற ஒன்று, 352 கிலோமீட்டர் தூரத்தை மூன்றரை மணி நேரத்தில் கடந்து 695 பேரைக் கொன்றது. இன்றுவரை அமெரிக்காவில் மிக அதிக உயிர்ப்பலி வாங்கிய டொர்னேடோ அதுதான். மர்பிஸ்பரோ என்ற ஒரே ஊரில் 234 பேர். டி சோட்டோ என்ற சிற்றூரில் பள்ளிக்கூடம் இடிந்து 33 பிள்ளைகள். அது மணிக்குச் சராசரியாக 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. புனல் வடிவம் தெரியாமல் தரையோடு உருண்டுவரும் கருமேகமாகத் தோன்றியதால், வானத்தைப் பார்த்தே பழகிய விவசாயிகளுக்கும் அது என்னவென்று பிடிபடவில்லை.

அன்றைய அரசு முன்னறிவிப்பு எதிலும் டொர்னேடோ என்ற சொல் இல்லை. அது தற்செயலாக விடுபட்டதல்ல. சிக்னல் படையைச் சேர்ந்த ஜான் பார்க் ஃபின்லி 1884 முதல் டொர்னேடோக்களை முன்கூட்டிச் சொல்லும் சோதனைகளைச் செய்துவந்தார். சொன்னது பலிக்காமல் போனால் வீண் பீதியும் பொருள் நஷ்டமும் வரும் என்று அஞ்சிய மேலதிகாரிகள், சில ஆண்டுகளிலேயே அந்தச் சொல்லை முன்னறிவிப்புகளில் பயன்படுத்தக்கூடாது என்று விலக்கினார்கள். பின்வந்த வானிலைத் துறையும் அதைத் தொடர்ந்தது. மக்கள் பயந்துவிடுவார்கள் என்ற காரணத்துக்காக ஓர் ஆபத்தின் பெயரையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு மறைத்து வைத்தது, ஓர் அரசுத் துறை செய்திருக்கக்கூடிய பெரிய தவறுகளில் ஒன்று. அந்த ஆண்டுகளில் ஆராய்ச்சியும் தேங்கியது. சொல்லவே கூடாத ஒன்றைக் கணிக்க யாரும் முறை தேடவில்லை.

1928 செப்டம்பரில் புளோரிடாவில் நடந்தது வேறு வகை. ஓக்கிச்சோபி ஏரியின் தென்கரையில் தாழ்வான மண்கரை ஒன்று மட்டுமே வயல்களைக் காத்து நின்றது. புயல் ஏரி நீரை அந்தக் கரைமேல் ஏற்றி உடைத்தது. குறைந்தது 2,500 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காய்கறித் தோட்டங்களில் கூலி வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்கள். வெஸ்ட் பாம் பீச் நகரில் சவப்பெட்டிகள் வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்டன. கறுப்பினத்தவர் 674 பேர் ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். அந்தக் குழியின்மேல் பல பத்தாண்டுகள் ஒரு பெயர்ப்பலகைகூட வைக்கப்படவில்லை.

1930களின் புழுதிப் புயல்களில் வானத்தின் பங்கு பாதிதான். முதல் உலகப் போரின்போது கோதுமை விலை ஏறியதால் கான்சஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ், கொலராடோ சமவெளிகளில் வேரோடிக் கிடந்த புல்வெளிகளை டிராக்டர் வைத்து உழுது தள்ளினார்கள். விலை விழுந்தது, மழை பொய்த்தது, மண்ணைப் பிடித்திருந்த வேர்கள் இல்லாமல் வயல்கள் காற்றில் எழுந்தன. 1935 ஏப்ரல் 14, ஞாயிறு பிற்பகலில் எழுந்த புழுதிச்சுவர் பகலை இரவாக்கியது. அதே மாதம் மண்வளப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அந்தப் பத்தாண்டில் சமவெளி மாநிலங்களைவிட்டு ஏறத்தாழ 25 லட்சம் பேர் வெளியேறினார்கள்.

டொர்னேடோ பற்றிய மௌனம் உடைந்தது ஒரு விமானப்படைத் தளத்தில். 1948 மார்ச் 20 இரவு ஓக்லஹோமாவின் டிங்கர் தளத்தை ஒரு டொர்னேடோ முன்னறிவிப்பில்லாமல் தாக்கிப் பல விமானங்களை நொறுக்கியது. இனி இப்படி நடக்காமல் என்ன செய்யலாம் என்று கண்டுபிடிக்கும்படி வானிலை அதிகாரிகள் எர்னஸ்ட் ஃபாபுஷ், ராபர்ட் மில்லர் இருவருக்கும் உத்தரவு வந்தது. பழைய டொர்னேடோக்களின் வானிலைப் படங்களை ஒப்பிட்டு, எந்தச் சூழலில் அவை உருவாகின்றன என்று அவர்கள் ஒரு வடிவத்தைப் பிடித்தார்கள். ஐந்தே நாள் கழித்து, மார்ச் 25 காலையில், அதே வடிவம் மறுபடியும் வரைபடத்தில் தெரிந்தது. ஒரே இடத்தை ஐந்து நாளில் இருமுறை டொர்னேடோ தாக்கும் வாய்ப்பு மிக மிக அரிது. அதைத் தெரிந்தே பிற்பகலில் எச்சரிக்கையை வெளியிட்டார்கள். விமானங்களைக் கொட்டகைக்குள் நகர்த்தினார்கள். ஆட்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றினார்கள். மாலையில் டொர்னேடோ தளத்தின் வழியாகவே போனது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அரசு வானிலைத் துறையும் 1950இல் பழைய தடையை முற்றிலும் நீக்கியது.

டொர்னேடோக்களின் வலிமையை அளக்கப் பல நாடுகள் இன்று பின்பற்றும் முறைக்கு அடித்தளம் இட்டவர் ஜப்பானில் பிறந்த டெட்சுயா ஃபுஜிடா. 1945இல் அவர் கியூஷு தீவின் டொபாட்டாவில் கல்லூரி ஆசிரியர். ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்க விமானம் குறிவைத்தது பக்கத்திலிருந்த கொக்குரா நகரத்தை; வானம் மூடியிருந்ததால் அணுகுண்டு நாகசாகியில் விழுந்தது. பின்னர் நாகசாகிக்குப் போய், மரங்கள் எந்தத் திசையில் சாய்ந்திருந்தன என்று ஆராய்ந்து குண்டு வெடித்த உயரத்தைக் கணித்தார். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர், டொர்னேடோ போன வழிகளை விமானத்திலிருந்து பார்த்து அதே கண்ணால் சேதத்தைப் படித்தார். காற்றின் வேகத்தை நேரில் அளக்க முடியாததால், சேதத்தை வைத்து வேகத்தை மதிப்பிடும் எஃப் அளவுகோலை 1971இல் வெளியிட்டார். 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் 13 மாநிலங்களில் 148 டொர்னேடோக்கள் எழுந்து 300க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, அவை போன ஒவ்வொரு தடத்தையும் அவரும் அவருடைய குழுவும் வரைபடத்தில் குறித்தார்கள். மேகத்திலிருந்து நேராகக் கீழே பாய்ந்து தரையில் எல்லாத் திசையிலும் சிதறும் காற்றும் உண்டு என்று அவர் சொன்னபோது பலர் நம்ப மறுத்தார்கள். 1975இல் நியூயார்க் விமான நிலையத்தில் இறங்கும்போது விழுந்த விமானத்துக்கு அதுவே காரணம் என்று காட்டினார். காற்றின் ஓட்டத்தையே காட்டும் டாப்ளர் ரேடார்கள் பின்னர் நாடெங்கும் நிறுவப்பட்டன.

ரேடாரில் தெரியாத பேரிடர் வெயில். 1995 ஜூலையில் சிகாகோவில் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது, இரவிலும் தணியவில்லை. வழக்கமாக அந்த வாரத்தில் இறந்திருக்கக்கூடியவர்களைவிட 739 பேர் அதிகமாக இறந்தார்கள். வெப்பம் வரும் என்ற முன்னறிவிப்பு இருந்தது. இறந்தவர்களில் மிகப் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள்; ஏழைகள்; குளிர்சாதனம் இல்லாத அறையில், திருட்டுக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காமல் இருந்தவர்கள். பிணவறையில் இடம் போதாமல் குளிரூட்டிய லாரிகளை வரவழைத்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் 2002இல் வெளியிட்ட நூலில், எந்தப் பேட்டைகளில் அக்கம்பக்கம் உயிரோடு இருந்ததோ அங்கே சாவு குறைவு என்று காட்டினார். 1999இல் மறுபடியும் வெப்ப அலை வந்தபோது நகர நிர்வாகம் முதியவர்களின் வீடுகளுக்கு ஆள் அனுப்பி விசாரித்தது. சாவு மிகவும் குறைந்தது.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலையும் முன்னறிவிப்பாளர்கள் சரியாகவே கணித்தார்கள். கரையைத் தொடுவதற்கு முந்தைய நாள் நியூ ஆர்லியன்ஸ் பகுதி வானிலை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அந்தப் பகுதி வாரக்கணக்கில் குடியிருக்க முடியாததாகிவிடும் என்று வெளிப்படையாக எச்சரித்தது. நகரை விட்டு வெளியேறும்படி மேயரின் உத்தரவும் வந்தது. ஆனால் அந்த நகரில் சுமார் ஒரு லட்சம் பேருக்குச் சொந்தக் கார் இல்லை. அவர்களை ஏற்றிச் செல்லப் போதிய பேருந்துகளை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஆகஸ்ட் 29 அன்று, பொறியாளர்கள் கட்டிய தடுப்புக்கரைகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்தன. நகரின் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. நீண்டகாலம் 1,833 என்று சொல்லப்பட்ட சாவு எண்ணிக்கையைத் தேசியப் புயல் மையம் பின்னர் 1,392 என்று திருத்தியது. எந்தக் கணக்கிலும் முதியவர்களின் பங்கு மிகப் பெரிது.

மிசூரியின் ஜாப்லின் நகரில் 2011 மே 22 மாலை எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்தது, சைரனும் ஒலித்தது. டொர்னேடோ நகரைத் தொட இன்னும் கால் மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. அந்த ஊரில் சைரன் அடிக்கடி ஒலிப்பது வழக்கம். ஒன்றும் நடக்காமல் போவதும் வழக்கம். பிறகு நடந்த விசாரணையில், பெரும்பாலானோர் முதல் சைரனைக் கேட்டதும் ஒதுங்கிடம் தேடாமல், வெளியே வந்து வானத்தைப் பார்த்தோ தொலைக்காட்சியைப் பார்த்தோ உறுதி செய்துகொள்ளக் காத்திருந்தது தெரிந்தது. நகரின் பெரிய மருத்துவமனை உட்பட ஆயிரக்கணக்கான கட்டடங்கள் நொறுங்கின. 158 பேர் இறந்தார்கள். 1950க்குப் பின் அமெரிக்காவில் ஒரே டொர்னேடோவில் அத்தனை பேர் இறந்ததில்லை. அடுத்த ஆண்டே தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கை எழுதும் முறையை மாற்றத் தொடங்கியது. என்ன வருகிறது என்பதோடு, வந்தால் வீடுகளுக்கும் உயிருக்கும் என்ன நேரும் என்பதும் எச்சரிக்கையில் நேரடியாக எழுதப்பட்டது.

2013 மே 20 அன்று ஓக்லஹோமாவின் மூர் நகரை ஒரு டொர்னேடோ தாக்கி 24 பேரைக் கொன்றது. அவர்களில் ஏழு பேர் ஒரு தொடக்கப் பள்ளியின் பிள்ளைகள். அந்தப் பள்ளியில் பாதுகாப்பு அறை இல்லை. மறுபடி கட்டிய பள்ளிகளில் அந்த அறை சேர்க்கப்பட்டது. 2014இல் மூர் நகர மன்றம், இனிக் கட்டும் வீடுகள் மணிக்கு 217 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்கவேண்டும் என்று கட்டட விதியைத் திருத்தியது. டொர்னேடோவை மனத்தில் வைத்து வீட்டு விதி இயற்றிய முதல் அமெரிக்க நகரம் அதுதான். கூரையைச் சுவரோடு இணைக்கும் இரும்புப் பட்டைகள், நெருக்கமாக வைத்த கூரைச் சட்டங்கள், காற்றழுத்தத்தைத் தாங்கும் கார் கொட்டகைக் கதவு ஆகியவை அந்த விதியில் உள்ளன.